60 ஆயிரத்துக்குள்ள முதல் மிரர்லெஸ் கேமரா: பாடியா லென்ஸா, எதுல காசு போடணும்?
முட்டம் பீச்சுல சாயங்காலமும் வீட்டு விசேஷமும் எடுக்கணும்னு கேட்டிருக்கீங்க, அப்படின்னா காச பாடில கொட்டாதீங்க மக்கா. 2014-ல வந்த சோனி ஏ6000 பழசுதான், ஆனா 24 மெகாபிக்சல், செகண்ட் ஹேண்ட்ல நல்லதா பாத்து எடுத்துட்டு மிச்சத்துல 50 எம்எம் எஃப் 1.8 ஓஎஸ்எஸ் (கை நடுக்கத்த சமாளிக்கிற வசதி) லென்ஸ் வாங்குங்க, எஃப் நம்பர் குறையக் குறைய லென்ஸ் பெருசா திறக்கும், கேமராவோட வர்ற கிட் லென்ஸ் 50 எம்எம்ல எஃப் 5.6 தான் திறக்கும், இந்த எஃப் 1.8 லென்ஸ்ல வெளிச்சம் கிட்டத்தட்ட 10 மடங்கு உள்ள வரும், கல்யாண மண்டபத்துல ஃப்ளாஷ் இல்லாமலே முகம் நல்லா விழும். ஓஎஸ்எஸ் கண்டிப்பா வேணும், அந்த பாடில ஸ்டெபிலைசேஷன் கிடையாது. மாத்தூர் தொட்டிப்பாலம் மாதிரி பெருசா, அகலமா எடுக்கணும்னா கிட் லென்ஸோட 16 எம்எம் போதும். வீடியோதான் முக்கியம்னா இந்த ஏ6000-த்த விட்டுருங்க, 4கே இல்ல, மைக் குத்தவும் இடமில்ல. பெறவு, நம்ம கடக்காத்துல உப்பு ஜாஸ்தி, பீச்சுல நின்னு லென்ஸ் மாத்தாதீங்க, வீட்டுக்கு வந்ததும் பாடிய லேசான ஈரத்துணியால தொடச்சிருங்க.