ஒரே வீட்டில் இரண்டு இணைய லைன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தரைத்தளத்தில் ஒரு நிறுவனத்தின் ஃபைபர் இணைப்பு, மாடியில் வேறொரு நிறுவனத்துடையது. மாடி பிரின்டர் கீழேயும் கிடைக்கட்டும் என்று இரண்டு ரவுட்டரையும் லேன் கேபிளால் இணைத்தேன். அன்றிலிருந்து எல்லா போனிலும் நெட் வருவதும் போவதுமாக இருக்கிறது. இரண்டு ரவுட்டரின் அடியிலும் 192.168.1.1 என்றே அச்சிட்டிருக்கிறது. என்ன தவறு?

பதில்: அந்த எண்தான் காரணம். ஒரே முகவரியில் இரண்டு ரவுட்டர் இருந்தால், போன் எதனிடம் பேசுகிறது என்பது அடிக்கடி மாறும். போதாததற்கு இரண்டுமே டி.எச்.சி.பி. மூலம் கருவிகளுக்கு ஐ.பி. எண் வழங்குகின்றன, ஒரே எண் இரண்டு கருவிகளுக்குப் போய்ச் சேரலாம்.

முதலில் இணைப்புக் கேபிளைக் கழற்றுங்கள். கம்ப்யூட்டரை மாடி ரவுட்டரில் இணைத்து, பிரவுசரில் 192.168.1.1 என அடித்து உள்நுழைந்து, அதன் லேன் முகவரியை (வீட்டுக்குள் அதன் எண்ணை) 192.168.1.2 என மாற்றிச் சேமியுங்கள். புதிய எண்ணில் மறுபடி உள்நுழைந்து டி.எச்.சி.பி.யை நிறுத்துங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்: முன்பே நிறுத்திவிட்டால் கம்ப்யூட்டருக்கு எண் கிடைக்காமல் உள்ளே போகவே முடியாமல் போகலாம். கீழ் ரவுட்டரில் டி.எச்.சி.பி. வழங்கும் எண்களை 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை என வரையறுத்துவிட்டு, லேன் போர்ட்டிலிருந்து லேன் போர்ட்டுக்குக் கேபிளைச் செருகுங்கள். பிரின்டர் இரு தளத்திலும் தெரியும்.

இப்போது எல்லாக் கருவியும் கீழ் லைனையே பயன்படுத்தும். மாடி டிவி மாடி லைனில் ஓட வேண்டுமானால் அதில் கையாலேயே எண் கொடுங்கள்: ஐ.பி. 192.168.1.20, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே (இணையத்துக்கு வெளியே போகும் வழி) 192.168.1.2, டி.என்.எஸ். (தளப் பெயருக்கு உரிய எண்ணைக் கண்டுபிடித்துத் தரும் சேவை) 8.8.8.8. நிறுவனம் தரும் டி.என்.எஸ். எண்ணைப் போடாதீர்கள், தன் வாடிக்கையாளர் அல்லாதவருக்குப் பல நிறுவனங்களின் டி.என்.எஸ். பதில் தராது. பின்னாளில் கேட்வேயை மாற்றும்போது இது தலைவலியாகும்.

கேள்வி: ஒரு லைன் போனால் மற்றது தானாக எடுத்துக்கொள்ளுமா?

பதில்: மேலே சொன்ன அமைப்பில் எடுத்துக்கொள்ளாது. அதற்கு இரண்டு வேன் (WAN) போர்ட், அதாவது இணைய லைன் உள்ளே வரும் போர்ட், உள்ள ரவுட்டர் வேண்டும். டிபி-லிங்க் ஈஆர்605 போன்றது வீட்டுக்குப் போதும். அதில் வைஃபை கிடையாது என்பதை வாங்கும் முன் நினைவில் வையுங்கள். இரண்டு நிறுவன ரவுட்டர்களின் லேன் போர்ட்டிலிருந்து இதன் இரண்டு வேன் போர்ட்டுக்குக் கேபிள் வரும். மூன்று ரவுட்டரும் மூன்று வேறு எண் வரிசையில் இருக்க வேண்டும்: கீழ் ரவுட்டர் 192.168.1.1, மாடி ரவுட்டர் 192.168.2.1, வீட்டுக்குள் புதிய ரவுட்டர் 192.168.10.1. நிறுவன ரவுட்டர்களின் வைஃபையை அணைத்துவிட்டு, புதிய ரவுட்டரின் லேன் போர்ட்டில் ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் கருவி) வையுங்கள். அணைக்காவிட்டால் போன்கள் பழைய வைஃபையைப் பிடித்துக்கொண்டு நேரடியாக வெளியே போகும்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. தெருவில் ஃபைபர் அறுந்தாலும், நிறுவன ரவுட்டருக்கும் உங்கள் ரவுட்டருக்கும் இடையிலுள்ள கேபிளில் உயிர் இருக்கும். லைன் நன்றாக இருப்பதாகவே ரவுட்டர் நம்பும். ஆகவே 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று அறியும் சிறு செய்தி) அனுப்பிப் பார்க்கும்படி 'ஆன்லைன் டிடெக்‌ஷன்' அமைக்க வேண்டும். சோதிக்கும்போது லேன் கேபிளைப் பிடுங்கினால் பாதிச் சோதனைதான். நிறுவன ரவுட்டரிலுள்ள ஃபைபரையே மெல்லக் கழற்றிப் பாருங்கள். அதன் முனையைக் கண்ணால் உற்றுப் பார்க்கவோ விரலால் தொடவோ கூடாது.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் இரண்டு சேர்ந்தால் 200 கிடைக்குமா?

பதில்: ஒரே டவுன்லோடுக்கு 100தான். 'லோடு பேலன்ஸ்' ஒவ்வொரு தொடர்பையும் ஏதாவது ஒரு லைனில் அனுப்புகிறது, ஒன்றைப் பிளந்து இரண்டில் அனுப்புவதில்லை. நான்கு பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் பலன் தெரியும். ஆனால் வங்கித் தளத்தில் பாதிப் பரிமாற்றத்தில் ஐ.பி. மாறினால் வெளியே தள்ளிவிடக்கூடும். ஈஆர்605இல் 'அப்ளிகேஷன் ஆப்டிமைஸ்டு ரவுட்டிங்' என்பதை இயக்கினால் பெரும்பாலும் சரியாகும். வேகமான லைன் முதன்மை, மற்றது காத்திருப்பு என்று வைப்பதே வீட்டுக்கு நல்லது என்பது எங்கள் கருத்து.

கேள்வி: இரண்டாவது இணைப்பாக எதை வாங்கலாம்?

பதில்: முதல் ஃபைபர் வரும் அதே கம்பத்தில் வராததை. மரம் விழுந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். ஒன்று ஃபைபர், மற்றது 5ஜி வயர்லெஸ் என்றால் நல்லது. மின்வெட்டுக்கு எல்லாப் பெட்டிக்கும் மினி யுபிஎஸ் (அடாப்டருக்குப் பதில் நேரடியாக மின்சாரம் தரும் சிறிய பேட்டரிப் பெட்டி) கொடுங்கள். ஒவ்வொன்றின் அடாப்டரிலும் வோல்ட் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், எல்லாமே 12 வோல்ட் என்று எண்ணிவிட வேண்டாம்.