பழைய காரில் புதுச் சத்தமா? கேளுங்கள், சொல்கிறேன்

திண்டுக்கல் பக்கம் 22 வருஷம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தேன், இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறான். பழைய கார்களில் வரும் சத்தம் பற்றி மட்டும் இன்றைக்குக் கேளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். "கடகடன்னு வருது, எதை மாத்தணும்?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எப்போது வருகிறது என்று எழுதுங்கள். நிற்கும்போதா ஓடும்போதா, ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடுகிறதா வண்டி வேகத்தோடு கூடுகிறதா, திருப்பும்போதா, பிரேக்கிலா, பள்ளத்திலா. இது தெரிந்தாலே பாதி வண்டியை ஒதுக்கிவிடலாம்.

தேனியிலிருந்து: அண்ணா, 2006 மாருதி 800. வீட்டுச் சந்தில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பினால் முன்னாடி டக் டக் டக் என்று வருகிறது. நேராகப் போனால் ஒன்றுமில்லை. ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்கிறார்கள்.

ஷாக் மேல் கை வைக்காதீர்கள் தம்பி. திருப்பும்போது மட்டும், அதுவும் சக்கரம் சுற்றுகிற கணக்குக்கு டக் டக் என்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிவி ஜாயிண்ட். சக்கரத்தைச் சுற்றவைக்கும் ஆக்சில் தண்டின் வெளி நுனியில், சக்கரம் திரும்பினாலும் சுற்றும்படி இருக்கிற மூட்டு அது, அவுட்டர் என்பார்கள். உள்ளே ஆறு குண்டுகள் கிரீஸில் மிதந்தபடி ஓடும். மேலே போர்த்தியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறித்துவிடும், மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும், குண்டு ஓடும் தடம் தேய்ந்து பள்ளமாகும். ஸ்டீயரிங்கை ஒடித்து வைத்துக்கொண்டு சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள், பூட் மடிப்பில் கீறல் இருக்கும், ரிம்மின் உள்பக்கம் கறுப்பாகக் கிரீஸ் விசிறி அடித்திருக்கும். எந்தப் பக்கம் என்று தெரிய ஆளில்லாத மைதானத்தில் ஒருமுறை முழு இடதிலும் ஒருமுறை முழு வலதிலும் மெதுவாக வட்டம் அடியுங்கள். பெரும்பாலும் வட்டத்தின் வெளிப்பக்கத்து ஜாயிண்ட்தான் அதிகம் கத்தும். பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

சேலம்: சார், 40க்கு மேல் போனால் ஊ...ங் என்று விமானம் கிளம்புகிற மாதிரி சத்தம். வேகம் கூடக் கூட ஏறுகிறது. வீல் பேரிங்கா டயரா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

இந்தச் சண்டை எங்கள் கடையிலேயே வாரம் ஒருமுறை நடக்கும் சார். முதலில் இன்ஜினைக் கழித்துவிடுவோம். ஒரே வேகத்தை மூன்றாவது கியரிலும் நான்காவதிலும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் மாறவில்லை என்றால் அது சக்கரத்தின் பக்கம்தான். அப்புறம் தார் போட்ட ரோட்டிலிருந்து சிமெண்ட் ரோட்டுக்கு ஏறும்போது கவனியுங்கள். சத்தத்தின் குணமே மாறினால் டயர். எந்த ரோட்டிலும் அதே ஊங் என்றால் பேரிங். காலியான அகலமான ரோட்டில் மெல்ல இடப்பக்கம் வளைத்தால் பாரம் வலப்பக்கச் சக்கரத்தில் இறங்கும், அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கத்து பேரிங் மேல் சந்தேகம்.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது வேறு. ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்ட் கொடுத்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு மறு கையைக் காயில் ஸ்பிரிங் மேல் வையுங்கள். நல்ல பேரிங் என்றால் கையில் ஒன்றும் தெரியாது. போன பேரிங் என்றால் அம்மியில் கல் உப்பு அரைபடுகிற மாதிரி விரலுக்கு நறநறவென்று ஏறும். காது ஏமாறும், கை அவ்வளவு சீக்கிரம் ஏமாறாது. டயராக இருந்தால் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், மேடும் பள்ளமுமாக அலை தட்டும்.

விருதுநகர்: அண்ணே, அப்பாவின் 1992 அம்பாசிடர். ரிவர்ஸிலிருந்து பர்ஸ்ட் போட்டு கிளட்சை விட்டால் அடியில் டொக் என்று ஒரு அடி. மெதுவாகப் போகும்போது குருவி கத்துவது போல கீச் கீச்.

குருவி சத்தம்தான் காட்டிக்கொடுக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குப் போகிற நீளத் தண்டுதான் புரொப்பெல்லர் ஷாஃப்ட். அதன் மூட்டில் கூட்டல் குறி மாதிரி இருக்கிற கிராஸ் காய்ந்து போயிருக்கிறது. நாலு கைக்கும் நாலு கப், உள்ளே ஊசி ஊசியாக பேரிங். கிரீஸ் இல்லாமல் துரு பிடித்தால் கப் ஓரத்தில் செம்மண் பொடி மாதிரி கசிந்திருக்கும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்து, நியூட்ரலில் வைத்து, கீழே படுத்து ஷாஃப்டைக் கையால் முறுக்குங்கள். கிராஸுக்கு இந்தப் பக்கம் அசைந்து அந்தப் பக்கம் அசையாமல் நின்றால் கிராஸ் முடிந்தது. இரண்டும் ஒன்றாக அசைந்து பின் ஆக்சில் நடுவில் இருக்கிற உருண்டைக் கூட்டுக்குள் இருந்து டொக் வந்தால் அது உள்ளே இருக்கிற பல்சக்கரங்களின், அதாவது கிரவுன் பினியனின் ஆட்டம், வேறு கதை, கொஞ்சம் ஆட்டம் அந்த வயசில் இருக்கத்தான் செய்யும். கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருக்கிற கிராஸாக வாங்கிப் போட்டு, சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் கிரீஸ் கன் வைக்கச் சொல்லுங்கள். ஆட்டம் வந்த கிராஸோடு நெடுந்தூரம் போகாதீர்கள், ஓடும்போது ஷாஃப்ட் கழன்றால் தரையைக் குத்தும்.

ஈரோடு: காலையில் ஸ்டார்ட் செய்ததும் கிரீச்ச்ச். தெருவே எழுந்துவிடுகிறது. இன்ஜின் பெல்டில் தேங்காயெண்ணெய் விடலாமா?

ஐயோ, வேண்டாம்! எண்ணெய் பட்டால் பெல்ட் இன்னும் வழுக்கும், ரப்பரும் கெடும். சத்தம் வருகிற நேரத்தில் தூர நின்று கொஞ்சம் தண்ணீர் ஸ்பிரே செய்யுங்கள், வேட்டி நுனி, சட்டைக் கை எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. அடங்கி, கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தால் பெல்ட் ஓடும் சக்கரம், அதாவது புல்லி, நேராக இல்லை அல்லது பெல்ட் தேய்ந்துவிட்டது.

நாகர்கோவில்: கிளட்சை மிதித்தால் மட்டும் சர்ர்ர்.

கிளட்சை மிதிக்கும்போது அதைத் தள்ளுகிற ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்று, விட்டால் வருகிறது என்றால் கியர்பாக்ஸ் பேரிங்.

கரூர்: இன்ஜினில் டிக் டிக் என்று வருகிறது. ஓட்டலாமா?

எந்த டிக் என்பதுதான் விஷயம். தையல் மிஷின் மாதிரி மேலே மெலிசாகக் கேட்டால் வால்வைத் திறக்கிற டாப்பெட்டாக இருக்கலாம், ஆயில் அளவு பார்த்துவிட்டு டாப்பெட் இடைவெளியைச் சரியாக வைக்கக் கொடுங்கள். கீழே இருந்து சுத்தியலால் அடிப்பது போல கனமாக டொக் டொக், ஆக்சிலேட்டர் கொடுத்தால் இன்னும் பலமாக என்றால் அது இன்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் பேரிங் பக்கம், ஓட்டாமல் கட்டி இழுத்துப் போங்கள். ஆயில் விளக்கும் எரிந்தால் யோசிக்காமல் அந்த இடத்திலேயே ஆஃப் செய்யுங்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, பிடியை காதுக்குப் பின் எலும்பில் அழுத்தினால் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துக் கேட்கலாம். ஃபேன் பக்கம் மட்டும் தலையைக் கொண்டுபோகாதீர்கள்.

மதுரை: என் மனைவிக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை, மெக்கானிக்குக் கேட்கவே இல்லை. ஸ்பீடு பிரேக்கரில் பின்பக்கம் கலக் என்கிறதாம். பின் ஷாக் இரண்டும் மாற்றியாச்சு.

வீட்டம்மா சொல்வதை நம்புங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. என் வண்டியில் இதே கலக்குக்கு ஷாக், புஷ், ஸ்பிரிங் ரப்பர் எல்லாம் மாற்றினேன், சொந்தக் கடை என்பதால் வெட்கமில்லாமல் மாற்றினேன். நாலு மாசம் கழித்து பஞ்சருக்கு ஸ்டெப்னியை எடுத்தபோது அடியில் ஒரு எவர்சில்வர் டம்ளர், பழனிக்குப் போனபோது காணாமல் போனது, நசுங்கிக் கிடந்தது. வீட்டில் அதை இன்னும் எடுத்து வைத்திருக்கிறார்கள், நான் வாய் திறக்கும்போதெல்லாம் காட்ட.

அதனால் முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி எல்லாம் இறக்கிவிட்டு அதே ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றுங்கள். அடுத்து வேறு ஒருவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பின் சீட்டில் உட்காருங்கள், சீட் பெல்ட் கொக்கியைக் கையில் பிடித்தபடி, அதுவும் பிளாஸ்டிக்கில் தட்டும். பிறகும் வந்தால் சைலன்சர் தொங்கும் ரப்பரைப் பாருங்கள். மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் வருகிற இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

தேனி (மறுபடியும்): அண்ணா, பள்ளிக்கூட மைதானத்தில் சுற்றிப் பார்த்தேன். முழு இடது திருப்பத்தில்தான் சத்தம். வலப்பக்கச் சக்கரத்தின் பூட் கிழிந்திருக்கிறது. பூட் மட்டும் மாற்றினால் போதுமா?

சத்தம் வருவதற்கு முன்னால் பார்த்திருந்தால் பூட்டும் புதுக் கிரீஸும் போதும். சத்தம் வந்துவிட்டதால் வலப்பக்க அவுட்டரையே மாற்றிவிடுங்கள். வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே இடப்பக்கப் பூட்டையும் விரித்துப் பாருங்கள், அதற்கும் அதே வயசுதான்.