ஆஞ்சியோகிராம் சரியாக இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குப் பேஸ்மேக்கர்?

70 வயது அம்மா அடுக்களையில் மயங்கி விழுந்தார், நாடி 36தான். ரத்தக்குழாயில் ஒன்றுமில்லை என்ற மருத்துவரே மறுநாள் பேஸ்மேக்கர் (இதயத்தை மின்சாரத்தால் தூண்டித் துடிக்கவைக்கும் சிறு கருவி) என்கிறார், மாத்திரை போதாதா, பணம் பறிக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவர் அல்ல. பேஸ்மேக்கர் வைத்தவர்களின் கருவியைச் சோதிக்கும் பிரிவில் தொழில்நுட்பராக இருக்கிறேன். மருத்துவமனை என்றாலே சந்தேகம் வருவதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்த விஷயத்தில் அந்தச் சந்தேகம் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஆஞ்சியோகிராம் காட்டுவது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களை மட்டும். அம்மாவுக்குக் கெட்டிருப்பது இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்பாதை. குழாய்கள் சுத்தமாக இருந்தும் முதுமையில் அந்தப் பாதையில் தழும்புத் திசு படிந்து கெட்டுப்போவது சாதாரணமாக நடப்பதுதான்.

வலது மேலறையில் உள்ள சைனஸ் கணுவில் மின்தூண்டல் பிறக்கிறது, ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள ஏ.வி. கணுவில் கணநேரம் நின்று, கீழறைகளுக்கு இறங்குகிறது. வழி முழுதாகத் துண்டிக்கப்பட்டால் கீழறைகள் தாமாகவே 20, 30, 40 என்று துடித்து ஒப்பேற்றும். அம்மாவின் இ.சி.ஜி. தாளை எடுத்துப் பாருங்கள். மேலறைத் துடிப்பைக் காட்டும் சின்னச் சின்ன மேடுகள் சீரான இடைவெளியில் வரும். கீழறைத் துடிப்பைக் காட்டும் உயரமான கூர்முனைகளும் சீராகத்தான் வரும், ஆனால் வேறு வேகத்தில். ஒருவர் போடுவது மற்றவர் காதில் விழாத இரண்டு தாளக்காரர்கள் போல. அப்படி இருந்தால் அது முழு ஹார்ட் பிளாக். அந்தக் கீழறைத் துடிப்பை நம்பி ஒருவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அது சில நொடிகள் நின்றால் மயக்கம். திரும்ப வராவிட்டால் உயிரே போய்விடும்.

இதை நிரந்தரமாகச் சரிசெய்யும் மாத்திரை கிடையாது. ஆனால் மாத்திரையால் வந்திருக்கிறதா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மெட்டோப்ரோலால், டில்டியாசெம், டிகாக்சின் போன்றவை துடிப்பைக் குறைக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினாலும் குறையும். அவற்றைச் சரிசெய்தாலே சிலருக்குத் துடிப்பு மீண்டுவிடும். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

அறுவை சிகிச்சை நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரியதல்ல. மார்பைப் பிளப்பதில்லை. காறை எலும்புக்குக் கீழே மரத்துப்போகும் ஊசி போட்டு, சிரை வழியாக ஒயரை இதயத்துக்குள் செலுத்தி, 20 முதல் 30 கிராம் எடையுள்ள கருவியைத் தோலுக்கடியில் வைத்துத் தைப்பார்கள். அம்மாவின் சொந்தத் துடிப்பு வரும்போது கருவி சும்மா இருக்கும், வராதபோதுதான் தூண்டும். பேட்டரி ஏறக்குறைய 8 முதல் 12 ஆண்டுகள் வரும். பிறகு கருவியை மாற்றுவார்கள். ஒயர் நன்றாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவார்கள்.

1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்குத்தான் முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். அவருடைய மனைவி விடாப்பிடியாக நின்று, கருவி செய்தவரையும் மருத்துவரையும் சம்மதிக்க வைத்தார். பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் அந்தக் கருவியை ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து வார்த்தார். அறுவை சிகிச்சை செய்தவர் ஓக்கே சென்னிங் என்ற மருத்துவர். கருவி சில மணி நேரமே ஓடியது. லார்சனோ 26 கருவிகள் மாற்றி, அந்த இருவருக்குப் பிறகும் வாழ்ந்து, 2001இல் 86 வயதில் தோல் புற்றுநோயால் இறந்தார்.

வீட்டுக்கு வந்தபின் நடப்பது ஒன்று உண்டு. பயந்துபோய், கருவி வைத்த பக்கத்து இடது கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்த ஒரு பாட்டி, தோள் இறுகி, தலைவாரக்கூட முடியாமல் எங்கள் பிரிவுக்கு வந்தார். கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது சில வாரங்களுக்குத்தான். அதற்குக் கீழே முதல் வாரத்திலிருந்தே அசைக்கலாம். செல்போன் பேசலாம், சட்டைப்பையில் கருவிக்கு மேலே வைக்காமலிருந்தால் போதும். இண்டக்ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கட்டும்.

கையெழுத்துப் போடுமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஒற்றை ஒயரா, இரட்டை ஒயரா (மேலறைக்கு ஒன்று, கீழறைக்கு ஒன்று)? மேலறை ஒழுங்காகத் துடிப்பவருக்குப் பெரும்பாலும் இரட்டைதான் பொருத்தம், செலவு கூடும். அடுத்தது, எம்.ஆர்.ஐ. எடுக்க ஏற்றதா? கருவி மட்டும் ஏற்றதாக இருந்தால் போதாது, ஒயரும் அப்படி இருக்க வேண்டும். இரண்டின் மாடல் எண்ணையும் பேஸ்மேக்கர் அடையாள அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.