டிராக்டர் கேள்வி பதில்: இன்ஜினை இறக்குவதற்கு முன்

கேள்வி: என்னிடம் இருப்பது மூன்று சிலிண்டர் சிறிய டிராக்டர், முப்பது வயசு நெருங்குகிறது. காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் எடுக்கிறது. எடுத்தவுடன் வெள்ளைப் புகை, கண் எரிகிறது, ஒரு சிலிண்டர் வேலை செய்யாத மாதிரி உதறுகிறது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். பிஸ்டன் ரிங், சிலிண்டர் லைனர் எல்லாம் போய்விட்டது, இன்ஜினை இறக்கணும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?

பதில்: அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், எவ்வளவு காட்டியது? எண் சொன்னால் மேற்கொண்டு பேசலாம். சத்தத்தை வைத்துச் சொன்னேன் என்றால் இன்ஜின் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

கண் எரிக்கிற வெள்ளைப் புகை எரியாத டீசல். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினைந்து, இருபது பங்கு அமுக்கிச் சூடேற்றி, அந்தச் சூட்டில் டீசலைத் தெளிக்கிறோம், அவ்வளவுதான். காற்றடிக்கும்போது சைக்கிள் பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சங்கதி. மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு குளிர்ந்த சிலிண்டர் சுவருக்குப் போய்விடும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ரிங்கை இல்லை, பேட்டரியை.

ஓய்வில் 12.6 வோல்ட் காட்டுகிற பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் அதைச் சரி செய்துவிட்டு மற்றதைப் பாருங்கள். பேட்டரி நன்றாக இருந்தும் சுற்றுவது மந்தமாக இருந்தால், மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் போஸ்டிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பழைய வண்டிகளில் எர்த் கேபிளுக்கு அடியில் துருவும் பெயின்டும்தான் இருக்கும். சுரண்டி, இறுக்கிப் போடுங்கள்.

அடுத்தது ஹீட்டர் பிளக், ஸ்டார்ட் செய்யுமுன் சிலிண்டருக்குள் சூடேற்றுகிற பிளக். உங்கள் வண்டியில் அது இருந்தால், என் சந்தேகம் முக்கால்வாசி அங்கேதான். மூன்றில் ஒன்று செத்தாலும், நீங்கள் எழுதியிருப்பது அப்படியே நடக்கும்: அந்தச் சிலிண்டர் மட்டும் சூடேறும்வரை எரியாமல் உதறும். மூன்றையும் இணைக்கிற பட்டையைக் கழற்றுங்கள். டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, பிளக்கின் தலையைத் தொடுங்கள். லேம்ப் எரியாவிட்டால் பிளக் போய்விட்டது. மூன்றும் நன்றாக இருந்தால், சாவியைத் திருப்பும்போது பட்டைக்குக் கரன்ட் வருகிறதா பாருங்கள். ரிலேவோ ஒயரோ போயிருக்கலாம். பிளக்கைக் கழற்றும்போது அவசரம் வேண்டாம். முனை உப்பிப்போயிருந்தால் உள்ளே முறிந்துகொள்ளும், அப்போது நிஜமாகவே சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற வேண்டி வரும். இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் கழற்றுங்கள். முனை அரித்துப்போயிருந்தால் அந்தச் சிலிண்டரில் டீசலைத் தெளிக்கிற நாசில் ஒழுகுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நான் டீசல் பம்ப், நாசில் வேலையிலேயே காலம் தள்ளியவன். அதனால் சொல்கிறேன்: முதலிலேயே பம்ப்பைக் கழற்றிக்கொண்டு யாரிடமும் ஓடாதீர்கள். எந்தச் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று தெரிய, வண்டி உதறும்போதே இன்ஜெக்டர் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்திப் பாருங்கள். எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ, அதுதான். கையுறை, கண்ணாடி கட்டாயம். பைப்பில் இருக்கிற அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப் போனால் வலிக்காவிட்டாலும் உடனே மருத்துவமனைதான். கசிவைத் தேடவும் விரலை நீட்டாதீர்கள், அட்டையைக் காட்டுங்கள்.

அப்புறம் டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்துகிற பாகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி. வால்வு இடைவெளி குறைந்துபோனால் வால்வு முழுசாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் வைத்து, மேனுவலில் உள்ள அளவுக்கு வையுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் கம்ப்ரஷன். பெட்ரோல் வண்டிக்கான கேஜ் தாங்காது, டீசலுக்கானதைக் கேளுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவு என்றால் வால்வோ ரிங்கோ. பக்கத்துப் பக்கத்து இரண்டு ஒரே மாதிரி குறைந்திருந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கிற கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். மூன்றுமே மேனுவல் சொல்கிற கடைசி அளவுக்குக் கீழே போய்விட்டதா? மெக்கானிக் சொன்னது சரி.

ஆயில் எவ்வளவு குடிக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. லோடில் நீலப் புகை வருகிறதா? சூடான இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, தலைகீழாக வாயின் மேல் வைத்தால் துள்ளி விழுகிறதா? லேசாக ஆவி வருவது பழைய இன்ஜினுக்குச் சகஜம். துள்ளி விழுகிற அளவுக்குப் பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங்கைத் தாண்டிக் கீழே கசிகிற வாயு, இருந்தால் நான் மெக்கானிக் கட்சி.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஈதர் ஸ்ப்ரே அடிப்பது. சூடான பிளக்கில் பட்டு, பிஸ்டன் மேலே வருவதற்குள் வெடித்து, ரிங்கையும் பிஸ்டனையும் உடைக்கும்.

கேள்வி: என் பழைய டிராக்டர் ஆயில் குடிப்பதே இல்லை. ஆயில் மட்டம் பார்க்கிற டிப் ஸ்டிக்கில் போன மாதத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் காட்டுகிறது. நல்ல இன்ஜின்தானே?

பதில்: ஓட்டுவதை நிறுத்துங்கள். ஆயில் தானாகக் கூடாது, உள்ளே வேறு ஏதோ சேர்கிறது. டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். டீசல் வாசனை அடித்து, ஆயில் தண்ணியாக ஓடினால் டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்ப்பின் டயாஃப்ரமோ இன்ஜெக்ஷன் பம்ப்பின் சீலோ கிழிந்திருக்கும். பால் கலந்த நிறமாக இருந்தால் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீர், வருகிறது.

டீசல் கலந்த ஆயிலில் பேரிங்குகள் தேயும் என்பது ஒரு பக்கம். மட்டம் ஏறி, இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரிக்க ஆரம்பித்தால், டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். அப்படி ஆனால் காற்று போகும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும், கையால் கூடாது. அடைக்க முடியாவிட்டால் தள்ளிப் போய்விடுங்கள். சீலை மாற்றி, ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: அரை மணி நேரம் நன்றாக ஓடி, மூச்சு முட்டின மாதிரி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி எடுக்கிறது. டீசல் ஃபில்டர் புதுசு.

பதில்: அடுத்த முறை நிற்கப் போகும்போது டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். உஸ் என்று காற்று உள்ளே போய் இன்ஜின் நிமிர்ந்தால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அப்படியும் சரியாகாவிட்டால் டேங்க் அடியில் அழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வருடத்துக்கு 40 மணி நேரம்கூட ஓடாத வண்டி. ஆயில் மாற்றித்தான் ஆகணுமா?

பதில்: மாற்றணும், வருடத்துக்கு ஒரு தடவை. ஓடாமல் நிற்கிற வண்டியின் ஆயிலில் ஈரமும் அமிலமும் சேரும். கூடவே ஏர் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாயை மடக்கிப் பாருங்கள். அதில் விரிசல் இருந்தால் எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டாலும் மண் நேராக ரிங்குக்குப் போகும்.