கலயத்தில் கிடைத்த ரோமானியக் காசு யாருக்கு?

கேள்வி: தாராபுரம் பக்கம் பெரியப்பா மகனின் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டுகிறேன். மாட்டுக் கொட்டகைக்குக் கால் நடக் குழி தோண்டியபோது கலயம் ஒன்று உடைந்து 43 வெள்ளிக்காசுகள் கொட்டின. மண்வெட்டி பிடித்தது நான்தான். பத்து நாளாகிவிட்டது. ‘நிலம் என்னுது, காசும் என்னுது’ என்கிறார் அண்ணன். உருக்கிவிடலாம் என்கிறார் ஆசாரி. சிங்கப்பூரில் விற்றுத் தருகிறேன் என்கிறார் மச்சான். என்ன செய்வது?

பதில்: முதலில், புளி போட்டுத் தேய்ப்பதை நிறுத்துங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டு காசுகள் பளபளக்கின்றன. சேகரிப்பாளர் கண்ணில் அவற்றின் மதிப்பு அப்போதே இறங்கிவிட்டது. முன்பக்கம் வாகைமாலை சூடிய தலை, பின்பக்கம் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண். கி.பி. 14 முதல் 37 வரை ரோமை ஆண்ட திபேரியஸின் தினாரியஸ் என்ற வெள்ளிக்காசு போலத் தெரிகிறது. மிளகுக்கும் பச்சைக்கல்லுக்கும் விலையாக வந்த இந்த வகைக் காசு கொங்கு நாட்டு மண்ணுக்குப் புதிதல்ல.

மண்ணில் புதைந்து கிடைத்ததால் 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் பொருந்தும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் என்றாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். (அந்தக் காலத்துப் பத்து ரூபாய்; சட்டம் இன்னும் அங்கேயே நிற்கிறது.) தெரிவிக்காமல் இருந்தாலும், அடையாளம் தெரியாதபடி உருமாற்றினாலும் உங்கள் பங்கு அரசுக்குப் போய்விடும். ஓராண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். ஆசாரி சொல்வது இந்த இரண்டாவது வகை.

மச்சான் சொல்வது அதைவிட மோசம். நூறு ஆண்டைத் தாண்டிய நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனி ஆள் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோனால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை.

இனி அண்ணன் கேட்பது. கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, விசாரித்து, உரிமையாளர் இல்லாத புதையல் என்று அறிவித்தால், உங்களுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லாதவரை கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. குத்தகைப் பத்திரத்தில் இதைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ஆனால் பெரிய கணக்குப் போட்டுவிடாதீர்கள். அரசு தானே எடுத்துக்கொள்ள முடிவு செய்தால், கொடுக்க வேண்டியது உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும்தான். 43 காசும் சேர்ந்து ஏறக்குறைய 160 கிராம் வெள்ளிதான் வரும். ஏல விலையைக் கேட்டுவிட்டு வருபவருக்கு இது வயிற்றெரிச்சல்தான். வழக்கறிஞரான என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் பலருக்கு இந்த இடத்தில்தான் முகம் மாறும்.

‘முடிந்த விரைவில்’ தெரிவிக்க வேண்டும் என்கிறது புதையல் சட்டம். பத்து நாள் தாமதத்துக்குக் காரணத்தைக் கலெக்டருக்குக் கொடுக்கும் மனுவிலேயே எழுதுங்கள். கிடைத்த இடம், தேதி, எண்ணிக்கை, உத்தேச மதிப்பு நான்கும் வேண்டும். உடைந்த கலய ஓடுகளையும் காசோடு கொடுங்கள். மனு நகலில் தேதியுடன் முத்திரை வாங்காமல் அலுவலகத்தைவிட்டு வராதீர்கள்.