ஓட்டு இடுக்கில் உழவாரன்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு முன்விறாந்தைக் கூரையில் நாட்டு உழவாரன் என்ற சின்னக் கறுப்புப் பறவை கூடு கட்டுகிறது. ஒன்பது வருடமாகப் பின்னேரங்களில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்த்து, கொப்பியில் எழுதி வருகிறேன். இந்த வருடம் ஏழு கூடு. மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் சொல்கிறேன்.

ஏறாவூரிலிருந்து ஒரு தம்பி: அக்கா, நீங்கள் சொல்வது தகைவிலான்தானே? எங்கள் வீட்டுக்கு முன்னால் கறண்டுக் கம்பியில் வரிசையாக இருக்கும்.

கம்பியில் இருந்தால் அது உழவாரன் இல்லை தம்பி. உழவாரனுடைய கால் மிகவும் குட்டை. நாலு விரலும் முன்பக்கம் பார்த்தபடி இருக்கும். சுவரைக் கொளுவிப் பிடித்துத் தொங்க அந்தக் கால் போதும், கம்பியையோ கொப்பையோ சுற்றிப் பிடித்து இருக்க முடியாது. நீங்கள் பார்ப்பது தகைவிலான். செப்டெம்பருக்குப் பிறகு வந்து ஏப்ரல் அளவில் போகிற கூட்டமாக இருக்கலாம். இங்கேயே வருடம் முழுக்க இருக்கிற இலங்கைத் தகைவிலானும் உண்டு. அதற்கு வயிறு நல்ல செம்பழுப்பு, கூடு கட்டுவது சேற்றால்.

நாட்டு உழவாரன் கறுப்பு. தொண்டையில் வெள்ளை, வால் தொடங்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் பட்டை. வால் கட்டை. சிறகு வேளாண்மை வெட்டும் தாக்கத்தி மாதிரி வளைந்திருக்கும். பின்னேரம் கூட்டமாக வீட்டைச் சுற்றிக் கிறீச்சிட்டுக்கொண்டு பறந்தால் வேறு அடையாளம் தேவையில்லை.

சம்மாந்துறையிலிருந்து: எந்த மாதம் தொடங்குகிறது, எந்த மாதம் முடிகிறது? முட்டை இட்டதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். ஒன்பது வருடத்தில் நான் முட்டையைக் கூட்டுக்குள் கண்டதே இல்லை. இதன் கூடு கிண்ணம் போல் திறந்தது அல்ல. இறகு, வைக்கோல், புல்லுத்தும்பு எல்லாவற்றையும் எச்சிலால் ஒட்டிச் செய்த உருண்டை. பக்கத்தில் ஒரு வாசல். சில இடத்தில் இரண்டு மூன்று கூடு ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பொதியாகத் தெரியும். உள்ளே பார்க்க வேண்டுமானால் கூட்டைக் கிழிக்க வேண்டும், அதைச் செய்யக் கூடாது. வெளியே நடப்பதை வைத்துத்தான் உள்ளே நடப்பதைக் கணிக்கிறேன்.

நீங்கள் சம்மாந்துறை என்பதால் உங்களுக்கு இது உடனே விளங்கும். மாரி மழை ஓய்ந்து, பெரும்போக வேளாண்மை வெட்டு நடக்கிற நாட்களில் வயலில் இருந்து பூச்சி கிளம்புமே, வெட்டு மெஷினுக்குப் பின்னால் இவை தாழப் பறக்கும். அதே நாட்களில்தான் எங்கள் வீட்டிலும் வேலை தொடங்கும். காற்றில் மிதக்கிற இறகைப் பறந்தபடியே வாயால் பிடித்துக் கொண்டுவரும், ஏனென்றால் தரையில் இறங்கிப் பொறுக்க இதனால் ஆகாது. எங்கள் கோழிக்கூட்டு இறகு இரண்டை மாடியிலிருந்து ஊதிவிட்டுப் பார்த்தேன். இரண்டாவது இறகு தரைக்கு வரவே இல்லை.

மூலையில் இருக்கிற கூட்டின் கணக்கு இந்த வருடம் இப்படி. பெப்ரவரி 9 முதல் இறகு. மார்ச் 4 முதல் எந்த நேரமும் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. ஒன்று வந்து நுழைந்த பிறகுதான் மற்றது பறக்கும். இரண்டும் மாறிமாறி அடைகாக்கின்றன என்று அதில் தெரியும். மார்ச் 26 காலையில் விறாந்தையில் பாதி முட்டை ஓடு கிடந்தது, வெள்ளை வெளேரென்று. அன்றிலிருந்து வருகை கூடியது. வருகிற பறவையின் தொண்டையைப் பார்த்தால் புடைத்திருக்கும். பல சிறு பூச்சிகளை எச்சிலில் உருட்டி ஒரே உருண்டையாகக் கொண்டுவருகிறது. மே 3 விடியற்காலை முதல் குஞ்சு வெளியேறியது. முட்டை ஓடு கிடந்த நாளிலிருந்து 38 நாள். ஒரு கோழிக்குஞ்சு பொரித்த ஓரிரு நாளிலேயே தானாகக் கொத்தித் தின்னும், இந்தச் சின்ன உடம்புக்கு ஐந்து கிழமைக்கு மேல் கூட்டுக்குள் வேண்டியிருக்கிறது. முதல் பறப்பிலேயே பிழையில்லாமல் பறந்தாக வேண்டுமே.

நாலு சோடி இரண்டாம் முறையும் அடைகாத்தன. கடைசிக் குஞ்சு ஆகஸ்ட் 17 அன்று போனது. கச்சான் காற்று அனலாக அடித்த நாட்களில் குஞ்சுகள் வாசலுக்கு வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனாலும் தலையிடவில்லை.

காத்தான்குடியிலிருந்து ஒரு சகோதரர்: எங்கள் பள்ளிவாசல் முன்மண்டபத்தில் இருக்கிறது. தொழ வருகிறவர்கள் நடக்கிற இடத்தில் எச்சம் விழுகிறது. கலைத்துவிடச் சொல்கிறார்கள்.

உங்கள் கஷ்டம் நியாயமானது, துப்புரவு முக்கியமான இடம். ஆனால் தீர்வு சின்னது. கூட்டுக்கு ஒன்றரை, இரண்டு அடி கீழே, ஒரு முழ அகலத்தில் பலகை ஒன்றைச் சுவரில் பூட்டுங்கள். எச்சம் எல்லாம் அதில் விழும். கூட்டை ஒட்டிப் பூட்ட வேண்டாம். பறவை கீழ்நோக்கி விழுந்துதான் பறப்பெடுக்கும், அந்த இடைவெளி வேண்டும். பலகை பூட்டுகிற வேலையையும் அடைகாக்கிற நாளில் செய்யாமல், அவை வெளியே இருக்கிற நடுப்பகலில் கொஞ்ச நேரத்துக்குள் முடியுங்கள். பலகையை எப்போதாவது கழுவினால் போதும், காய்ந்த எச்சத்தைக் கூட்டித் தூசி கிளப்பாமல் முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள்.

கலைப்பது பற்றி: ஒரு சில இனங்கள் தவிர நாட்டுப் பறவைகள் எல்லாவற்றுக்கும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பாதுகாப்புக் கொடுக்கிறது. இதையும் நிர்வாகத்தாரிடம் சொல்லுங்கள்.

கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி: பழைய ஓடுகளை எடுத்துவிட்டுக் கூரைக்கு சீற் போடப் போகிறோம் அக்கா. மேசன் இப்போதே தொடங்கலாம் என்கிறார். ஐந்து கூடு இருக்கிறது. என்ன செய்ய?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுத உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். தங்கச்சி, பொறுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 1978 நவம்பர் 23 சூறாவளியில் இந்த வீட்டு முன்கூரை முழுக்கப் போனது. அப்பா திரும்ப ஓடு போட்டபோது சுவரும் கைமரமும் சேரும் இடத்தில் ஒரு கை நுழையும் அளவு இடுக்கு மிஞ்சிவிட்டது. பிறகு எப்போதோ உழவாரன் அதில் குடிவந்தது. நான் கொப்பி எழுதத் தொடங்கிய மூன்றாம் வருடம் ஜூனில் ஒழுக்குப் பார்க்க ஒருவர் வந்தார். நல்ல வேலைக்காரர். நான் கடைக்குப் போய் வருவதற்குள், கேட்காமலே அந்த இடுக்கில் பாதியைச் சீமெந்தால் பூசிவிட்டார். அவருக்கு அது ஓட்டை, அடைப்பதுதான் வேலை. பின்னேரம் பறவைகள் வந்து பூச்சில் மோதி மோதித் திரும்பின. வாய் நிறைய இரை. உள்ளே குஞ்சுச் சத்தம் எனக்கே கேட்டது. ஈரம் காயுமுன் கரண்டியால் சுரண்டித் திறந்தோம், ஆனாலும் இருட்டுவதற்குள் இரண்டு வாசலைத்தான் திறக்க முடிந்தது. மூன்றாவது கூட்டில் மறுநாள் சத்தம் இல்லை. வேலைக்காரரில் பிழை சொல்ல மாட்டேன், நான் முன்பே சொல்லிக் காட்டியிருக்க வேண்டும்.

சரி, உங்களுக்கு. இந்தக் கரையில் ஒக்டோபரில் மழை இறங்கும். உழவாரன் எங்கள் வீட்டில் ஆகஸ்ட் நடுவில் முடிக்கிறது. ஆகவே ஆகஸ்ட் கடைசியும் செப்டெம்பரும் உங்களுக்கான நேரம். ஆனால் நாட்காட்டியை மட்டும் நம்ப வேண்டாம். மூன்று பின்னேரம் தொடர்ந்து கீழே இருந்து பாருங்கள். பகலில் தொண்டை புடைத்த பறவை வந்து வந்து நுழைந்தால் உள்ளே குஞ்சு இருக்கிறது. இருட்டும்போது மட்டும் எல்லாம் வந்து அடைந்தால், அது படுக்க வருவது. நாட்டு உழவாரன் அடைகாக்காத மாதங்களிலும் இரவில் கூட்டில்தான் படுக்கும்.

சீற் போடும்போது பழைய கூடு இருந்த மூலையையாவது அப்படியே விடப் பாருங்கள். இவை வருடா வருடம் அதே இடத்துக்கு வருகிறவை. முழுக்க மூடிவிட்டால் அடுத்த பெப்ரவரியில் வந்து அந்தச் சுவரிலேயே மோதும். சீற்றுக்கு நேர் கீழே வெக்கை அதிகம், ஆகையால் இடையில் ஒரு பலகைத் தட்டு கொடுங்கள். வேலை தொடங்குகிற அன்று மேசனைக் கூட்டிப்போய் இடத்தைக் கையால் காட்டுங்கள். வாயால் சொல்வது போதாது.

அக்கரைப்பற்றிலிருந்து: நிலத்தில் ஒன்று கிடந்தது. மேலே எறிந்தால் பறக்கும் என்று சொன்னார்கள். எறியலாமா?

எறிய வேண்டாம். பலர் இப்படித்தான் கொன்றுவிடுகிறார்கள், நல்லது செய்கிறோம் என்று நினைத்தே. முதலில் பாருங்கள், சிறகு முழுதாக வளர்ந்து மடக்கும்போது வாலைத் தாண்டுகிறதா? இல்லாவிட்டால் குஞ்சு. ஏணி வைத்துக் கூட்டிலேயே திரும்ப வைப்பதுதான் ஒரே நல்ல வழி. மனிதன் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பிழை. சோறு, பாண், பால் எதுவும் கொடுக்க வேண்டாம், வாய்க்குள் தண்ணீரும் சொட்ட வேண்டாம். ஏணி வரும்வரை காற்றுப் போகிற அட்டைப் பெட்டியில் துணி போட்டு, பூனைக்கு எட்டாமல் நிழலில் வையுங்கள்.

வளர்ந்த பறவையானால், வெட்டவெளியில் உள்ளங்கையில் வைத்துத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். கையைக் குலுக்காமல் நில்லுங்கள். உடம்பு மெல்ல நடுங்கும், பிறகு தானாகப் போகும். சில நிமிடம் எடுக்கலாம். போகவில்லையானால் அடிபட்டிருக்கிறது, மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

திருக்கோவிலிலிருந்து ஒரு மாணவி: பறந்துகொண்டே நித்திரை கொள்ளும் என்று படித்தேன். உண்மையா?

மகள், நீங்கள் படித்தது ஐரோப்பாவில் கூடு கட்டுகிற உழவாரனைப் பற்றியதாக இருக்கும். சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தார் அதன் முதுகில் சின்னக் கருவி கட்டிப் பார்த்து, சில பறவைகள் பத்து மாதம் தரையிறங்காமலே பறந்ததை 2016இல் வெளியிட்டார்கள். எங்கள் நாட்டு உழவாரன் அப்படி அல்ல, இரவுக்கு வீடு வந்துவிடும். ஆனால் பகல் முழுக்கப் பறப்புத்தான். தண்ணீர் குடிப்பதும் பறந்தபடியே. கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்த்தால், பறக்கிற வேகத்திலேயே தண்ணீர் மேல் வாயைக் கோடு போல இழுத்துப் போவதைக் காணலாம்.

வாழைச்சேனையிலிருந்து: உழவாரன் கட்டிய கூட்டில் சிட்டுக்குருவி இருக்கிறது!

நடக்கும். கட்டி முடிந்த இறகுக் கூடு சிட்டுக்குருவிக்குப் பிடித்த இடம், உள்ளே புகுந்து பிடித்துக்கொள்ளும். விரட்டாதீர்கள், அதற்கும் இடம் குறைந்துகொண்டுதான் வருகிறது. பக்கவாட்டுச் சுவரில் வாய் சிறிய மண்முட்டி இரண்டு கட்டிவிட்டோம். அடுத்த வருடம் சிட்டுக்குருவி முட்டிக்குப் போனது.

செங்கலடியிலிருந்து: டெங்கு நுளம்பைத் தின்னுமா?

அதை நம்பி இருக்க வேண்டாம். டெங்கு நுளம்பு வீட்டுக்குள்ளும் வளவிலும் தாழத் திரியும், உழவாரன் உயரத்தில் பறக்கிற சிறு ஈ, வண்டு, எறும்பு, ஈசல் பிடிக்கும். சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள்.

பொத்துவிலிலிருந்து: சீனர்கள் சூப் வைக்கிற கூடு இதுதானா? விலை போகுமா?

இல்லை. அது குகைகளில் கூடு கட்டுகிற வேறு சிற்றினங்கள், எச்சிலாலேயே கட்டுபவை. இது இறகும் வைக்கோலும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு அண்ணன்: எங்கள் வளவுப் பனையைச் சுற்றி ஒல்லியாக ஒன்று பறக்கிறது. வெள்ளைப் பட்டை இல்லை. வால் கவர்போல.

அது பனை உழவாரன், அண்ணன். கூரைக்கு வராது. தொங்குகிற காவோலையின் அடிப்பக்கத்தில் இறகை எச்சிலால் ஒட்டி, உள்ளங்கையில் பாதி அளவு கூடு செய்யும். கீழே இருந்து பார்த்தால் ஓலையின் ஒரு மடிப்பு என்றுதான் தெரியும். ஆகவே பனையைத் துப்புரவாக்க ஆள் வைக்கிறபோது முதல்நாள் பின்னேரம் அடியில் நின்று பாருங்கள். காவோலைக்குள் பறவை போய் வந்தால் அந்த ஓலையையும் பக்கத்து ஓலைகளையும் விட்டுவிட்டு மற்றதை வெட்டச் சொல்லுங்கள்.