கடுக்காயும் கல்லீரலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் பழைய வீட்டுச் சுவர்ப் பூச்சில் சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்ததாகச் சொல்வார்கள். அதே கடுக்காய் கல்லீரலைக் காக்கும் என்கிறார்களே, எப்படிச் சோதிக்கிறார்கள்? (கானாடுகாத்தான்)

பதில்: கொட்டை நீக்கிய தோலை உலர்த்தி இடித்து, தண்ணீரிலோ எத்தனாலிலோ சாறு இறக்கி வற்ற வைப்பார்கள். எலிகளுக்கு கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்தால், கல்லீரலின் நொதியே அதை உடைத்துத் தீங்கான மூலக்கூறாக மாற்றி, தன் செல்களையே கெடுத்துக்கொள்ளும். ஒரு குழுவுக்கு நஞ்சு மட்டும், இன்னொன்றுக்கு நஞ்சோடு சிலிமரின் (ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்கும் கல்லீரல் மருந்து), மற்றவற்றுக்கு நஞ்சோடு கடுக்காய்ச் சாறு. எதுவும் கொடுக்காத குழு ஒன்றும் இருக்கும். கடைசியில் ரத்தத்தில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி (கல்லீரல் செல் கெட்டால் ரத்தத்தில் கசியும் நொதிகள்) எவ்வளவு என்று பார்ப்பார்கள்; கல்லீரலைச் சீவி மைக்ரோஸ்கோப்பிலும் பார்ப்பார்கள்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: சாற்றை நஞ்சுக்கு முன்னால் கொடுத்தார்களா, பின்னால் கொடுத்தார்களா? முன்னால் கொடுத்தால், சாறு அந்த நொதியைத் தடுத்து நஞ்சு உருவாகாமலே செய்திருக்கலாம். எஸ்ஜிபிடி அழகாகக் குறைந்திருக்கும், ஆனால் கெட்டுப்போன கல்லீரலை அது ஆற்றியதாகச் சொல்ல முடியாது. இதைக் கவனிக்காமல் ‘கல்லீரலைக் குணமாக்கும்’ என்று விளம்பரம் போடுவது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம்.

கேள்வி: டிபிபிஎச் சோதனையில் (ஒரு ஊதாப் பொருளின் நிறம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறனை அளப்பது) என் கடுக்காய்ச் சாறு வைட்டமின் சி அளவுக்கு வேலை செய்தது. கல்லீரலைக் காக்கும் என்று ப்ராஜெக்ட்டில் எழுதலாமா? (எம்.எஸ்சி மாணவர், காரைக்குடி)

பதில்: வேண்டாம் தம்பி. ஊதா நிறம் மஞ்சளானது குழாய்க்குள். கடுக்காய்க்குத் துவர்ப்பைத் தரும் பெரிய டானின்கள் குடலில் அப்படியே உறிஞ்சப்படுவதில்லை, கிருமிகள் உடைத்த பிறகுதான் சிறு பொருள்களாக உள்ளே போகின்றன. கல்லீரல் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் குளுட்டாதையோனையும் கேட்டலேஸையும் கல்லீரலிலேயே அளந்தால் பேசலாம். அப்புறம், சாற்றுக்கே நிறம் உண்டு. டிபிபிஎச் சேர்க்காமல் சாற்றை மட்டும் 517 நானோமீட்டரில் அளந்து அதைக் கழித்தீர்களா?

கேள்வி: எலிக்கு கிலோவுக்கு 200 மி.கி. என்றால், 60 கிலோ எடையுள்ள எனக்கு 12 கிராமா? (தேவகோட்டை)

பதில்: இல்லை. எலி அளவை 6.2-ஆல் வகுப்பது வழக்கம். கிலோவுக்கு சுமார் 32 மி.கி., உங்களுக்கு 2 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அதுவும் வற்றவைத்த சாற்றின் கணக்கு, கடைப் பொடிக்கு இல்லை. ஆய்வு தொடங்க உதவும் கணக்கு இது, சாப்பிடும் அளவு அல்ல.

கேள்வி: என் கணவருக்கு ஃபேட்டி லிவர், சர்க்கரையும் உண்டு. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கடுக்காய்ப் பொடி கொடுக்கலாமா? (பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்)

பதில்: நிறுத்தாதீர்கள் ஆச்சி. பொடி கொடுப்பதாக இருந்தால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள், சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அதிகம் இறங்க வாய்ப்புண்டு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள், டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ பொடியை விட்டுவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.